உள்ளே ஆள் இருக்கு

என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கக்கூஸில்தான் ஆரம்பிக்க வேண்டும். வேறு வழியில்லை. மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இப்போதே பொத்திக்கொள்ளலாம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கழிப்பறைகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டினார். ஓட்டப்பந்தயம், பாட்டுக் கச்சேரி, வீடு கட்டுகிற இடம் என்று ஜனம் கூடும் இடத்துக்கெல்லாம் போகுமே, ஒரு ஆள் மட்டும் நுழைகிற பிளாஸ்டிக் கழிப்பறை, அதுதான் சரக்கு. கம்பெனியில் அதை யாரும் கழிப்பறை என்று சொல்வதில்லை. பெட்டி என்பார்கள். லாரியிலேயே ஒரு சின்ன கிரேன் இருக்கும். பெட்டியைச் சங்கிலியில் மாட்டித் தூக்கி ஏற்றுவது, கொண்டுபோய் இறக்குவது, குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பது, அடியில் நீல மருந்து ஊற்றுவது, நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பத் தூக்கி வருவது. இதுதான் அவர் பிழைப்பு.

கல்யாணம் பேசும்போது "டிரைவர்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். என்ன வண்டி என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாணமான புதிதில் வேலையிலிருந்து வந்தவரை அக்கா வாசலிலேயே நிறுத்திக் கேட்டிருக்கிறாள்.

"என்னங்க இது, இப்படி ஒரு வாசனை?"

"மருந்து."

"என்ன மருந்து?"

அத்தான் உண்மையைச் சொன்னார். அக்கா உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாளாம். பிறகு எழுந்து வந்து, "சோப்பு எங்க இருக்குன்னு தெரியும்ல?" என்றாளாம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்தான். குளிக்காமல் நாற்காலியில் உட்காரக் கூடாது. அத்தான் அதை ஒரு நாளும் மீறியதில்லை. அவருக்குச் சட்டம் பிடிக்கும்.

நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். இரண்டு அறை, ஒரு குளியலறை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அத்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. வாயாடி என்றுதான் கூப்பிடுவார். நான் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. "நம்ம ரெண்டு பேருக்கும் வாளியும் துடைப்பமும்தான் சோறு போடுது. இதுல உனக்கு மட்டும் என்ன இவ்வளவு திமிரு?" என்று கேட்பார். "நான் துடைக்கிற இடத்துல பிள்ளை அழுகுற சத்தம் கேக்கும் அத்தான். நீங்க துடைக்கிற இடத்துல என்ன சத்தம் கேக்கும்?" என்பேன். அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் கதவைத் தட்டுவார். "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். கொஞ்சம் நிற்பார். திறந்து பார்ப்பார். மூலை முடுக்கெல்லாம் எட்டிப் பார்த்து, கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுத்தான் சங்கிலியைத் தொடுவார். கம்பெனியில் எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். யார் செய்கிறார்கள்? கதவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். உள்ளே தாழ்ப்பாள் போட்டால் சிவப்பு, போடாவிட்டால் பச்சை. பச்சையைப் பார்த்ததும் மற்றவர்கள் தூக்கிவிடுவார்கள். அத்தான் பச்சையையும் தட்டுவார். ஷெட்டில் கழுவி வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் காலிப் பெட்டியையும் தட்டுவார். பின்னால் யாராவது ஒளிந்துகொண்டு பெண் குரலில் "ஆள் இருக்குங்க" என்று கத்துவார்கள். இவரும் சிரித்துக்கொண்டே திறந்து பார்ப்பார். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயரே 'கதவு'. நான் மட்டும் சும்மா இருப்பேனா? எங்கள் வீட்டு பீரோவை அவர் திறக்கும்போதெல்லாம் "தட்டினீங்களா அத்தான்?" என்று கேட்பேன்.

காரணம் என்ன என்று ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விளையாட்டு மைதானத்தில் பெட்டிகளை எடுக்கப் போயிருக்கிறார்கள். மழை. வேறொரு டிரைவர் கிரேனை இயக்க, இவர் கீழே சங்கிலி மாட்டினார். வட்டம் பச்சை. பெட்டி மேலே போய்ச் சாய்ந்ததும் கதவு திறந்துகொண்டு ஒரு மனிதர் விழுந்தார். மழைக்கு ஒதுங்கி, தாழ்ப்பாள்கூடப் போடாமல் தூங்கிவிட்ட யாரோ ஒரு வழிப்போக்கர். உயிர் போகவில்லை, இடுப்பு போய்விட்டது.

"கீழ கிடந்துக்கிட்டு என்னைப் பார்த்து 'மன்னிச்சுக்கோங்க, தூங்கிட்டேன்'னு சொன்னாரு" என்றார் அத்தான். "அவர் என்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு. புரியுதா உனக்கு?"

அதற்குப் பிறகு நான் பீரோ விஷயத்தை எடுப்பதில்லை.

எங்கள் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடுவார்களாம். வலி எடுத்தவள் பஸ் மாறிப் பஸ் ஏறி அங்கே போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியை ஒட்டியிருக்கும் நகரசபைக் கட்டடத்தில் கூட்டம், ஓட்டெடுப்பு. அதுவரைக்கும் ஆஸ்பத்திரி வாசலை விட்டு எழுந்திருப்பதில்லை என்று ஆயாக்கள், நர்சுகள், சுற்றுத் தெருப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். நாங்கள் அங்கே இருந்தால்தான் கூட்டத்துக்கு வருகிற உறுப்பினர்கள் எங்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். வீட்டுக்குப் போய்விட்டால் எங்கள் முகமே அவர்களுக்கு மறந்துபோகும்.

"உக்காந்தா மட்டும் நடந்துடுமா? வேலையைப் பாருங்க" என்றார் அத்தான். அவருக்கு அரசியல் வாடையே ஆகாது. செய்தி வந்தால் எழுந்து போய்ப் பல் தேய்ப்பார். ஆனால் நாங்கள் நாலு பெட்டி வாடகைக்கு எடுத்தபோது அவர்தான் கொண்டுவந்து இறக்கினார். கதவுகள் ரோட்டைப் பார்க்காமல் மதில்சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்தார். போகிற வருகிறவன் கண்ணில் படாமல் பெண்கள் வெளியே வரலாம். ஒரு பெட்டி லேசாக ஆடியது என்று அடியில் மரக்கட்டை செருகிவிட்டு, தானே உள்ளே போய்க் குதித்துப் பார்த்தார்.

வந்தது வினை ஒரு போட்டோவில். பத்திரிகைக்காரர் ஒருவர் எங்களைப் படம் எடுத்திருந்தார். முன்னால் எங்கள் வார்டின் சமையற்கார அம்மா 'பிரசவ வார்டை மூடாதே' என்ற அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் தலைக்குப் பின்னால், கொட்டை எழுத்தில், பெட்டியின் முதுகில் கம்பெனி பெயர். நகரசபையிலிருந்து யாரோ முதலாளிக்குப் போன் போட்டார்கள். நகரசபை நடத்துகிற விளையாட்டு விழாக்களுக்கெல்லாம் பெட்டி போவது அந்தக் கம்பெனியிலிருந்துதான். பிறகு கேட்க வேண்டுமா?

மேனேஜர் எனக்குப் போன் செய்தார். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது.

"அம்மா, வாடகையை முழுசா திருப்பித் தந்துடுறோம். நாளைக்குப் பெட்டிகளை எடுத்துக்குறோம். அரசியல் விஷயத்துக்கெல்லாம் எங்க கம்பெனி சர்வீஸ் பண்றதில்லை."

"பிள்ளை பெக்குறது அரசியலா சார்?"

"எனக்குத் தெரியாதும்மா. பாலிசி."

"போன மாசம் ஆளுங்கட்சி மாநாட்டுக்கு இதே பெட்டியைத்தானே இறக்கினீங்க? எங்க அத்தான்தானே கொண்டுபோனாரு?"

"அது மாநாடும்மா. இது போராட்டம்" என்றார்.

போனை வைத்துவிட்டேன். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பாலிசி என்கிறவனை என்ன செய்வது?

மற்ற கம்பெனிகளுக்குப் போன் போட்டேன். வண்டி இருக்கிறது, பெட்டி இருக்கிறது, எந்த இடம் என்று கேட்பார்கள். இடத்தைச் சொன்னதும் வண்டி ரிப்பேர் ஆகிவிடும். கூடாரம் கொடுத்தவர் ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போய்விட்டார். நாற்காலிக்காரர் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே வந்து, "கொஞ்சம் எந்திரிங்கம்மா" என்றார். மைக் செட்டும் போனது. அதற்கெல்லாம் நாங்கள் அசரவில்லை. வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்து கட்டினோம், பாயில் உட்கார்ந்தோம், தொண்டையால் கத்தினோம். கழிப்பறையை எந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வருவது? ஆஸ்பத்திரிக் கழிப்பறைகளில் எங்களை நுழையவிடாமல் பூட்டுப் போட்டிருந்தார்கள். எதிர்க்கடைக்காரர் முதலில் உள்ளே விட்டார். பிறகு அவர் கதவிலும் 'பழுது' என்று அட்டை தொங்கியது. பெட்டிகள் வருவதற்கு முன்னால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். ஒருத்திக்கு நீர்க்கடுப்பு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பெட்டி போனால் நாங்களும் போக வேண்டியதுதான். அதை நகரசபையும் அறியும், மேனேஜரும் அறிவார்.

அன்று மாலை வீட்டில் அத்தான் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டிகளைத் தூக்கி வரச் சொல்லி அவரிடம்தான் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டைத் தொடவில்லை.

"லீவு போடுங்க" என்றாள் அக்கா.

"நான் போகலைன்னா ஜெட்டு போவான்."

ஜெட்டு என்பது கம்பெனியின் இன்னொரு டிரைவர். வேகத்துக்காக வந்த பெயர். பச்சை வட்டத்தைக்கூட அவன் பார்ப்பதில்லை என்று அத்தான் குறைப்பட்டுக்கொள்வார்.

"போகட்டுமே. பாவம் அவனுக்குப் போகட்டும்" என்றேன் நான்.

"உனக்கு வாய் மட்டும்தான் இருக்கு" என்றார் அத்தான். "இந்த வீட்டு வாடகையை உன் வாய் கட்டுமா?"

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு நான் தங்கை, அவர் கணவர். யார் பக்கம் பேசினாலும் அவளுக்குத்தான் வலி. தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

காலையில் லாரி வந்தது. எங்கள் பெண்கள் பெட்டிகளைச் சுற்றி நின்று கூச்சல் போட்டார்கள். அத்தான் யாரையும் பார்க்காமல் இறங்கினார், முதல் பெட்டியின் கதவைத் தட்டினார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. அவர் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சமையற்கார அம்மாவின் காதில் சொன்னேன்.

"ஆள் உள்ள இருந்தா அவர் தூக்கமாட்டார். தலையே போனாலும் தூக்கமாட்டார்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். சத்தம் போடாமல் போய் இரண்டாவது பெட்டிக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டார். மூன்றாவதில் ஒரு நர்ஸ். நாலாவதில் கொள்ளைப் பசியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒரு நிறைமாதப் பெண், பிஸ்கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒருத்தி வெளியே வந்தால் வாசலில் அடுத்தவள் தயார். நாலு வட்டமும் சிவப்பு.

அத்தான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றிலும் "ஆள் இருக்கு". கடைசிப் பெட்டிக்கு வந்தபோது அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. திரும்பி என்னைத் தேடினார்.

"வாயாடி. நீதானே?"

"ஆமா அத்தான்."

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடுற."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருடைய நல்ல குணத்தை எடுத்து அவர் கையையே கட்டிவிட்டேன். அவர் லாரிப் படியில் உட்கார்ந்தார். போன் அடித்தது. எனக்குக் கேட்கும் தூரம்தான்.

"இல்ல சார், இன்னும் தூக்கலை... உள்ள ஆள் இருக்கு சார்... ஆமா சார், நாலுலயும்... வெளிய வந்தாங்க சார், வேற ஆள் போயிட்டாங்க... சார், ஆள் இருக்கும்போது எப்படி சார்?"

ஒவ்வொரு தடவை போன் வந்தபோதும் இதே பதில்தான். சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. வெயில் ஏற ஏற எங்கள் பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டிரைவர் அண்ணே, இன்னொரு தடவை தட்டுங்க, தூக்கம் வருது" என்று உள்ளேயிருந்து ஒருத்தி கிண்டல் செய்தாள். அத்தான் முகத்திலும் உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். அத்தோடு அந்த நாள் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மதியத்துக்கு மேல் மேனேஜரே வந்துவிட்டார். பக்கத்தில் ஜெட்டு. மேனேஜருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பயந்த மனிதர். பயந்த மனிதர்தான் ஆபத்து.

"என்னய்யா, வேடிக்கை காட்டுறியா?" என்று அத்தானிடம் பாய்ந்தார். "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உள்ள ஆள் இருக்கு சார்."

"கொஞ்சம் அசைச்சா தானா வெளிய வருவாங்க. டேய் ஜெட்டு, மாட்டு."

நாங்கள் சங்கிலிக்குக் குறுக்கே போவதற்குள் ஜெட்டு இரண்டாவது பெட்டியில் கொக்கியை மாட்டிவிட்டு, லாரிப் பக்கம் ஓடி கிரேன் பிடியை இழுத்துவிட்டான். உள்ளே சமையற்கார அம்மா. முழங்கால் வலிக்காரர், உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டும். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையை விட்டுக் கிளம்பியது. உள்ளே எதுவோ மோதுகிற சத்தம். பிறகு அந்த அம்மாவின் குரல்.

"நான் இருக்கேன், நான் இருக்கேன்!"

அத்தான் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஜெட்டுவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு அவசர நிறுத்தப் பொத்தானை அடித்தார். பிடியைத் தன் கையில் வாங்கி, பெட்டியைப் பச்சைப் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி மெதுவாகத் தரையில் இறக்கினார். கதவைத் தட்டி, "அம்மா, நான்தான். திறங்க" என்றார். கதவு திறக்க நேரமானது. அந்த அம்மா வெளியே வந்தபோது இடுப்புக்குக் கீழே துணியெல்லாம் நீல மருந்து. முழங்கையில் ரத்தம். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரோட்டில் போனவர்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. மேனேஜரைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"நான் உள்ள இருக்கேன்னு சொன்னேனே, சார்."

நான் பாயில் உட்கார்ந்து அழுதேன். அவரை உள்ளே அனுப்பியவள் நான்தானே. அந்த அம்மாவே வந்து என் தலையில் கையை வைத்து, "ஏன்டி அழுகுற, எலும்பு எதுவும் உடையலை" என்றார். அவர் கையிலும் மருந்து வாசனை.

பயத்தில் மற்ற மூன்று பெட்டிகளிலிருந்தும் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். மறுபடி உள்ளே போக ஒருத்திக்கும் தைரியமில்லை. நாலு வட்டமும் பச்சை. மேனேஜர் சட்டென்று, "இப்ப ஆள் இல்லைல்ல? தூக்கு" என்றார், அத்தானைப் பார்த்து.

அத்தான் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க தட்டினீங்களா சார்?" என்று கேட்டார்.

"உன் வேலையைப் பாருய்யா."

அத்தான் சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்தார். கேபின் படியில் வைத்தார். நடந்து போய், தான் கட்டை செருகி நிறுத்தியிருந்த பெட்டிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். வட்டம் சிவப்பானது.

மேனேஜர் முதலில் லாரியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அப்புறம் வேறு வழி தெரியாமல் அந்தக் கதவிடம் போய், விரலை மடக்கித் தட்டினார்.

"ஆள் இருக்கு சார்" என்றார் அத்தான் உள்ளேயிருந்து.

பெண்கள் எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். ரோட்டில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வார்த்தையோடு எங்கள் வீட்டு அடுப்பில் தண்ணீர் விழுந்துவிட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, உள்ளே இருந்தவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

ஜெட்டு மூன்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனான். ஒன்று மிஞ்சியது. அவ்வளவு பேருக்கு ஒரு பெட்டி. ஆனால் ஒன்று இருந்ததால் நாங்கள் எழுந்து போகவில்லை. அத்தான் அங்கேயே இருந்தார். உறிஞ்சுகிற குழாய் இல்லை, மருந்து இல்லை. எங்கிருந்தோ மூடி போட்ட வாளிகள் கொண்டுவந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையால் அள்ளி ஆஸ்பத்திரிச் சாக்கடை மூடியைத் திறந்து கொட்டினார். லாரி சத்தம் கேட்டால் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். எங்கள் முழக்கங்களில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. யாரோ அட்டையைக் கையில் கொடுத்தபோது, "எனக்கு இதெல்லாம் வேணாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். வரும்போது முகம் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வீட்டில் எனக்கு என்ன கிடைக்கும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். கணவர் வாளியும் கையுமாக நிற்பதைப் பார்த்தாள். சாப்பாட்டை வைத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு புது சோப்பை எடுத்து அவரிடம் நீட்டினாள். பிறகு எங்களோடு பாயில் உட்கார்ந்தாள்.

கம்பெனியிலிருந்து வந்தது ஒரு வரிதான். இனிமேல் வர வேண்டாம். பிறகு அவர் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் அதே கதை. லாரி ஓட்டத் தெரியும், கிரேன் தெரியும் என்றதும் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதும், "ஓ, அந்த ஆளா?" என்பார்கள். வண்டி கொடுக்க மறுத்தவர்கள் எல்லாம் அவருக்கு வேலை கொடுக்கவும் மறுத்தார்கள். இப்போது ஒரு காய்கறி மண்டியில் மூட்டை இறக்குகிறார். முதுகு வலிக்கிறது என்று மட்டும் சொல்வார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொன்னால் தேவலை என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வெள்ளிக்கிழமையைப் பற்றி. உறுப்பினர்கள் எங்களைத் தாண்டித்தான் போனார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு, சிலர் போனைக் காதில் வைத்துக்கொண்டு. கூட்டம் முடிந்து செய்தி வந்தது. வார்டை மூடுவதென்று முடிவாகிவிட்டது. அன்றைக்கே கட்டில்களை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு அவசரம். சமையற்கார அம்மா பாயைச் சுருட்டினார். அழுதவர்கள் அழுதார்கள். நான் அழவில்லை, எனக்குள் எல்லாம் காய்ந்து போயிருந்தது.

மிச்சமிருந்த பெட்டியை அத்தான் சோப்புப் போட்டுக் கழுவினார், அக்கா கொண்டுவந்த சோப்பால். "அவங்க பெட்டியை எதுக்கு அத்தான் கழுவுறீங்க? நாறட்டும்" என்றேன். "அடுத்து போறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார்.

சாயங்காலம் ஜெட்டு லாரியோடு வந்தான். அத்தான் பக்கம் திரும்பவில்லை. கொக்கியைக் கையில் எடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அதைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினான். "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டான். திறந்து பார்த்தான், வெளியிலிருந்து பூட்டினான், பிறகு சங்கிலியை மாட்டினான். அத்தான் தலையை அசைத்தார். பெட்டி ஏறியது, லாரி போய்விட்டது.

போகலாம் என்று நான் பையை எடுத்தேன். அத்தான் நகரவில்லை. வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஆட்கள் கட்டில்களைத் தூக்கி வந்து வேனில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாடி விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. கடைசி ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அதில், என்னிடம் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குள் போனாளே, அந்த நிறைமாதப் பெண். மதியம் வலி எடுத்து அவளை நான்தான் உள்ளே கொண்டுபோய் விட்டிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியில் குனிந்து குனிந்து எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"வாயாடி" என்றார் அத்தான், கண்ணை எடுக்காமல். "அங்க உள்ள ஆள் இருக்கே. தூக்குறதுக்கு முன்னாடி அவங்க தட்டினாங்களா?"